கடலில் நின்று பார்த்த மணப்பாடு

மணப்பாட்டுக்கு நான் பத்துத் தடவைக்கு மேல் போயிருப்பேன். எல்லாத் தடவையும் ஒரே வழிதான். திருச்செந்தூரில் பஸ் மாறி, ஆலந்தலையையும் குலசேகரன்பட்டினத்தையும் தாண்டி, பனைகளுக்கு ஊடே 18 கிலோமீட்டர் அளவுக்குத் தெற்கே போனால் ஊர் வந்துவிடும். இறங்கி, மணல்மேட்டில் ஏறி, உச்சியில் இருக்கும் சிலுவைக் கோயிலைச் சுற்றி வந்து, கீழே படகுகளைப் பார்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறிவிடுவேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போன மாசி மாதம்தான் அந்த ஊரை முதல் தடவையாகக் கடலிலிருந்து பார்த்தேன்.

கூட்டிக்கொண்டு போனவர் என் கல்லூரி நண்பனின் அப்பா. மாமா என்றுதான் கூப்பிடுவேன். பதினாறு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவர், அறுபதைத் தாண்டியும் போய்க்கொண்டிருக்கிறார். இரவே அவர்கள் வீட்டில் தங்கி, விடிவதற்கு ரொம்ப முன்னால் பைபர் படகில் ஏறினோம். முகத்துவாரத்தைக் கடக்கும் வரைக்கும் யாரும் பேசவில்லை. வெளிக்கடலுக்கு வந்த பிறகு சில்லென்று காற்று அடித்தது. கிழக்கு வெளுத்து, வலை ஏற்றி முடித்த பிறகு மாமா இன்ஜினை நிறுத்தினார்.

"இப்பத் திரும்பிப் பாருங்க தம்பி. ஊரு தெரியுதா?"

தெரிந்தது. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மேடு. அதன் உச்சியில் வெள்ளையாகச் சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். வலப்பக்கம் தாழ்ந்த நிலத்தில் கூரைகள், அவற்றுக்கு மேலே எழும்பி நிற்கும் மற்றக் கோயில்களின் கோபுரங்கள். அதற்கும் பின்னால் கறுப்புக் கோடு போட்டதுபோலப் பனங்காடு. கரையில் நின்று பார்க்கும்போது துண்டு துண்டாகத் தெரிந்ததெல்லாம் இங்கிருந்து ஒரே முகமாகச் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் வருகிற நாங்கள் இத்தனை நாளும் ஊரின் முதுகுப் பக்கமாகவே வந்து போய்க்கொண்டிருந்தோம் என்று அப்போது தோன்றியது.

அந்தக் கோபுரங்கள் அழகுக்கு மட்டும் நிற்பவை அல்ல என்பதும் அங்கேதான் புரிந்தது. கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் உண்டு. இந்தக் கரையில் அதைப் 'பார்' என்பார்கள். மீன் அண்டும் இடம் அதுதான். தண்ணீருக்கு மேலே ஒரு அடையாளமும் இல்லாத பாரை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வரும்படி நேர்கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள்களை அதேபோல வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்கலாம். கோயில், விளக்கு, தனித்து நிற்கும் ஒரு பனை என்று எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். இன்று எல்லாப் படகிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது, மாமா படகிலும் இருக்கிறது. ஆனாலும் அவர் அதைப் பார்ப்பதற்கு முன்னால் கரையைத்தான் பார்க்கிறார்.

இந்த மேடு இல்லையென்றால் மணப்பாடு இல்லை. காற்று கொண்டுவந்து குவித்த மணலும் சிப்பித் தூளும் காலப்போக்கில் இறுகிக் கல்லாகிப்போன மேடு இது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேட்டின் தென்பக்கம் அலை மோதி வெள்ளையாக நுரைக்கும். மறுபக்கம், மேட்டின் மறைவில், தண்ணீர் தணிந்து கிடக்கும். கருமேனியாறு வந்து கடலில் சேர்வதும் அங்கேதான். தேரிக்காட்டுப் பக்கமிருந்து வரும் மழைக்கால ஆறு அது. வருடத்தில் பெரும்பகுதி ஓடாமல் ஊரைச் சுற்றிக் காயலாகத் தேங்கி நிற்கும். 'சின்ன வெனிஸ்' என்று சுற்றுலாக்காரர்கள் பெயர் வைத்திருப்பது அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. மணலையே பெயரில் வைத்திருக்கும் ஊருக்கு இன்னோர் ஊரின் பெயர் எதற்கு?

மறைவான துறை என்பதால் பாய்மரக் காலத்தில் தூர தேசத்துக் கப்பல்களும் இங்கே ஒதுங்கியிருக்கின்றன. சிலுவைக் கோயிலின் கதையே அப்படி ஒதுங்கிய ஒரு கப்பலின் கதைதான். 1540 வாக்கில் போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்ததாம். உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்தில் சிலுவை செய்து நடுவேன் என்று கப்பல் தலைவன் நேர்ந்துகொண்டானாம். அலைக்கழிந்து வந்து சேர்ந்த இடம் மணப்பாடு. நேர்ந்தபடியே மேட்டின் மேல் சிலுவையை நட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். கோயில் 1581-இல் எழுந்தது. ஏசு சுமந்த சிலுவையின் துண்டு என்று ஊர் நம்பும் திருப்பண்டம் ஒன்றும் இங்கே இருக்கிறது. செப்டம்பர் முதல் தேதி கொடி ஏறும், 14-ஆம் தேதி திருவிழா. எங்கெங்கோ பிழைக்கப் போன மணப்பாட்டுக்காரர்கள் எல்லோரும் அந்த இரண்டு வாரத்தில் ஊர் திரும்புவார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பட்டினப்பாலை நினைவுக்கு வரும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாக வைத்து வழிபட்டதை அது சொல்கிறது. முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குப் போகாமல் உண்டு ஆடி மகிழ்ந்ததையும் சொல்கிறது. அது வேறு கரை, வேறு காலம். ஆனால் கடல் தந்த ஒன்றைக் கரை மணலில் ஊன்றிக் கும்பிடுவது இந்த மக்களுக்குப் புதிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். மணப்பாட்டில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை படகு இறங்காது. நாள்தான் மாறியிருக்கிறது.

சரி, மணப்பாட்டில் கடல்தொழில் செய்யும் பரதவர் எப்படிக் கத்தோலிக்கர் ஆனார்கள்? அங்கேயும் பதில் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்காக 1530-களில் பரதவருக்கும் முத்து வணிகத்தில் இருந்த முஸ்லிம்களுக்கும் பெரும் சண்டை மூண்டது. உயிருக்கும் தொழிலுக்கும் காவல் தேடிய பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் உதவி கேட்டார்கள். உதவியோடு மதமும் வந்தது. 1537-க்குள் முத்துக்குளித்துறைக் கரை முழுவதும், சுமார் 20,000 பேர், திருமுழுக்குப் பெற்றுவிட்டார்கள். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று அந்த ஏழு துறைகளை இன்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த நாளில் வந்தவைதான் பர்னாந்து, ரோட்ரிகோ, மிராண்டா, டி குரூஸ் என்ற பெயர்கள். அந்நியன் கொடுத்த பெயர்கள் என்று இதைக் குறைத்துப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சமூகம் கூடி எடுத்த முடிவு அது. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துத் தங்கள் சபைக்கு இழுத்தபோதும் இவர்கள் நகரவில்லை. அதற்குள் அந்த மதம் அவர்களுடையதாகவே ஆகியிருந்தது.

அவர்களுடையதாக ஆனதில் ஒரு மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு. பிரான்சிஸ் சவேரியார் என்ற இயேசு சபைக் குரு 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கியவர். அந்த அக்டோபரிலேயே இந்தக் கரைக்கு வந்துவிட்டார். முதலில் கால் வைத்தது மணப்பாட்டில் என்பது ஊரின் பெருமை. திருமுழுக்குப் பெற்று ஐந்தாறு வருடம் ஆகியும் மக்களுக்கு ஒரு செபம் தெரியாது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இவருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவருடைய கடிதங்களில் என்னை உலுக்கியது வேறொன்று. 1544-இல் வடுகர் (தெலுங்கர்) படை கன்னியாகுமரிப் பக்கத்துக் கரையூர்களைச் சூறையாடியது. மக்கள் தப்பியோடிக் கடலில் இருக்கும் பாறைகளில் சோறு தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். சேதி கேட்டு, மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு சவேரியார் கிளம்பினார். ஜூன் மாதம். எதிர்க்காற்று. துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் தோணிகள் முன்னேறவில்லை, திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு கரைவழியே போய்த்தான் அவர்களைச் சேர்ந்தார். படகில் இருந்தபோது இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"ஆனி மாசத்துல தெக்க போகணும்னா? கச்சான் முகத்துல அடிக்கும்லா. இன்ஜின் இருக்கப்பவே நாங்க யோசிப்போம்."

480 வருடத்துக்கு முந்தைய கடிதத்தில் வரும் காற்றை அவர் நேற்று வீசிய காற்றைப்போலப் பேசினார். அந்த 20 தோணிகளை ஓட்டியவர்கள் யார் என்று கடிதத்தில் பெயர் இல்லை. மாமா மாதிரி ஆட்கள்தான் ஓட்டியிருப்பார்கள்.

சவேரியார் தங்கிச் செபம் செய்ததாகச் சொல்லும் குகை, கோயிலுக்குக் கீழே கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு சைவத் துறவி இருந்த குகை அது என்பதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இப்படி மறைக்காமல் எழுதிவைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். அலைச் சத்தம் சுவரில் பட்டு வேறு மாதிரி கேட்கும். அங்கேயே நல்ல தண்ணீர்க் கிணறும் உண்டு. கடலுக்கு இத்தனை பக்கத்தில் எப்படி நல்ல தண்ணீர் என்று எல்லோரும் கேட்பார்கள். திருச்செந்தூர் நாழிக்கிணற்றிலும் இதே கேள்விதான், பதிலும் ஒன்றுதான். மணலில் இறங்கும் மழைநீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் அதோடு கலந்துவிடாமல், அதன்மேல் ஒரு படலம்போல மிதந்து நிற்கும். அளவாகத் தோண்டினால் இனிக்கும், ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கரிக்கும்.

இந்தக் கரையைப் பற்றிப் பேசும்போது இன்னொரு சேதியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. சவேரியாருக்குப் பின்னால் வந்த போர்ச்சுகீசியக் குரு அன்றிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறுநூலை அச்சிட்டார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதற்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். தமிழ் அச்சேறியதில் முத்துக் குளித்தவர்களின் காசு இருக்கிறது. நம்முடைய பள்ளிக்கூடத்துப் பாடங்களில் இதை ஒரு வரிக்குமேல் நான் பார்த்ததில்லை.

கரைக்கு வந்து ஊருக்குள் நடந்தால் இன்னொரு சரித்திரம் கண்ணில் படும். மீனவர் ஊரில் இவ்வளவு பெரிய வீடுகளா என்று முதலில் திகைப்பாக இருக்கும். உயர்ந்த தூண்கள், தேக்கு உத்தரங்கள், மாடிக்குப் போகும் மரப்படிகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. நண்பன் சாவி வாங்கி ஒரு வீட்டைத் திறந்து காட்டினான். கூடத்துச் சுவரில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் படம்; கொழும்பில் எடுத்தது. கொழும்பு இவர்களுக்கு அக்கரை ஊர். வெங்காயமும் மிளகாயும் துணியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போகும். போனவர்கள் அங்கே கடை வைத்தார்கள், பணத்தை இங்கே வீடாகக் கட்டினார்கள். இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகு வந்த குடியுரிமைச் சட்டங்களும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அந்தப் போக்குவரத்தை ஒடுக்கிவிட்டன. சிலர் திரும்பினார்கள், சிலர் அங்கேயே தங்கினார்கள். இலங்கையில் 2001 கணக்கெடுப்பிலிருந்து 'பரதர்' என்று அவர்களைத் தனி இனமாகவே குறிக்கிறார்கள். தூத்துக்குடித் தோணிகள் இப்போது மாலத்தீவுக்குத்தான் பெரும்பாலும் போகின்றன. மணப்பாட்டில் மிஞ்சியிருப்பது வீடுகளும் சாப்பாடும். அன்றைக்குக் காலை நண்பனின் அம்மா வைத்த மாசிச் சம்பல் கொழும்பு வழியில் வந்த ருசி. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டைபோல ஆகும்வரைக் காயவைத்த மாசியை இடித்து, தேங்காயும் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிசைந்தது. இட்லிக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

அப்புறம் பனை. கடற்கரை ஊரில் பனைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஊருக்குப் பின்னால் சில மைல் போனால் தேரிக்காடு. செம்மணல் குன்று குன்றாகக் கிடக்கும், பனைதான் அங்கே ராஜா. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிப் பனங்கருப்பட்டி காய்ச்சுவது அந்தப் பனைகளின் பதநீரில்தான். அதே பனையின் ஓலைதான் மணப்பாட்டுப் பெண்களின் கைவேலை. கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பல காலமாகக் கொட்டானும் பெட்டியும் பின்னுகிறார்கள். குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றி, ஈரம் காயுமுன் பின்ன வேண்டும். ஓலை காய்ந்தால் ஒடிந்துவிடும். கடல் கொந்தளித்து ஆண்கள் கரையில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் இந்தக் காசுதான் அடுப்பை எரித்திருக்கிறது என்று நண்பனின் அம்மா சொன்னார். மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கொட்டானாவது வாங்கி வாருங்கள். பேரம் பேசாதீர்கள்.

எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு: தை, மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும். ஆனி, ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். அலைச்சறுக்குக்காரர்களுக்கும் பாய் கட்டிச் சறுக்குபவர்களுக்கும் கொண்டாட்டமான இடம் இது. திருவிழா நாட்களில் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், ஆனால் ஊர் உயிரோடு இருப்பதைப் பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. மேட்டின்மேல் பாட்டில்களைப் போட்டுவிட்டு வராதீர்கள். காற்று எல்லாவற்றையும் கடலில்தான் கொண்டுசேர்க்கும், அங்கிருந்து வலைக்குள் வரும். அன்றைக்கு மாமாவின் வலையில் நண்டுகளோடு நாலு தண்ணீர்ப் பாட்டிலும் வந்தன.

முகத்துவாரம்தான் இன்று ஊரின் பெரிய கவலை. மணல் வந்து அடைத்துக்கொள்கிறது. வாய் குறுகிப் போவதால் உள்ளே நுழையும் படகை அலை பக்கவாட்டில் பிடித்துக் கவிழ்த்துவிடுகிறது. மணலைத் தோண்டி எடுங்கள், தூண்டில் வளைவு போட்டுத் தாருங்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர், ஒரு பக்கம் மணலைத் தேக்கினால் மறுபக்கம் கரையை அரிக்கும். மணப்பாட்டுக்குப் போடும் வளைவு அடுத்த ஊரின் வீடுகளைத் தின்றுவிடக் கூடாது. இந்தக் கரை முழுவதையும் ஒரே கரையாக வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவும் ராக்கெட்டுகள் இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க வளைந்து போக வேண்டும். அதில் எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய சுமை. குலசையிலிருந்து நேர் தெற்கே கிளம்பினால் அண்டார்டிகா வரைக்கும் கடல்தான். காரணம் எனக்குப் புரிகிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஆனால் 'கடல்தான்' என்று நாம் சொல்வது மாமாவுக்கு வயல். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காட்டில் ராக்கெட் போகும் நாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போக முடிவதில்லை. மாமா கேட்பது ஒன்றுதான்: வருடத்தில் எத்தனை நாள்? அந்த நாட்களுக்கு என்ன கொடுப்பார்கள்? முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் இதற்கு எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும். ஏழு துறையின் ஊர்க் கமிட்டிகளையும் உட்காரவைத்துப் பேசிக் கொடுக்க வேண்டும்.

திரும்பி வரும்போது மணி ஒன்பதரை. முகத்துவாரத்துக்கு வெளியே மாமா படகை நிறுத்தினார். முன்னால் நின்றவர் நீளமான கம்பை ஊன்றி ஆழம் பார்த்தார். பின்னால் வந்த அலை ஒன்றைப் போகவிட்டோம். இன்னொன்றையும் போகவிட்டோம். மாமா கண்ணெடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அலையின் முதுகு எங்களைத் தாண்டியதும் "ம்" என்றார். இன்ஜின் முழு வேகத்தில் உறும, படகு அந்த அலையின் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தது.

கரையில் ஏலம் தொடங்கியிருந்தது. நண்டு ஒரு கூறு, பாறை மீன் மூன்று, ஒரே ஒரு சீலா மீன். கூவி முடித்துக் காசை எண்ணி, இன்ஜின் எண்ணெய்க்கும் கூட வந்தவர்களுக்கும் பிரித்துவிட்டு, கோயிலுக்கு உள்ளதை மாமா தனியாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கு ஓலைக் கொட்டானில் சாளை வந்தது. வேண்டாம் என்றால் கோபப்படுவார் என்று வாங்கிக்கொண்டேன்.

"செப்டம்பர்ல கொடியேத்துக்கு வந்துருங்க தம்பி," என்றார். "ராத்திரி மேட்டுல லைட்டு போட்டிருப்பாவ. அதையும் கடல்ல நின்னு ஒருக்கப் பாக்கணும்லா."